மருதாளும் ஈயம் பிடிக்காத போர்டுகளும்

சாமளாபுரத்திலிருந்து சோமனூர் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் மருதாளைப் போல முகம் சுளிக்கத் தெரிந்த மனுஷி கிடைக்க மாட்டாள். ஒருமுறை அவள் சுளித்த சுளிப்பில், ஓடிக்கொண்டிருந்த நாற்பது தறிகள் அப்படியே நின்றுபோயின. நாற்பது என்பது கொஞ்சம் கூடத்தான். நின்றது இரண்டு தறி. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போயிருந்தது. ஆனால் சுளிப்பு நிஜம். மூக்கு மேலே ஏறும், மேலுதடு அதைத் துரத்திக்கொண்டு போகும், இடது கண் பாதி மூடும். எதிரே நிற்கிறவர்களுக்குத் தங்கள் சட்டையை ஒருதரம் மோந்து பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

இத்தனை அருவருப்பு ஒரு ஆளுக்குள் சும்மா வந்து குடியேறிவிடாது. சோமனூரில் அவள் அப்பனுக்கு எட்டுத் தறி ஓடியது. வீடும் தறிக்கூடமும் ஒரே கூரை. சோற்றில் பஞ்சு, குடிதண்ணீரில் பஞ்சு, தலை வாரினால் சீப்பில் பஞ்சு. சுவரில் மாட்டியிருந்த படத்தில் வேலோடு நின்ற முருகனுக்கே பஞ்சில் மீசை முளைத்திருந்தது. தறிப்பக்கம் இனி வரமாட்டேன் என்று பத்து வயதில் சொன்னாள், வரவில்லை. பன்னிரண்டாவது முடித்து ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தாள். சின்னச் சின்னக் கம்பி, சின்னச் சின்ன ஈயப் புள்ளி, எல்லாம் பளபளவென்று இருக்கும், சுத்தமான தொழில் என்று நினைத்தாள்.

பாவம். முதல் வேலை சூலூரில் ஒரு டிவி ரிப்பேர் கடை. டிவியின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே பல்லி செத்துக் கருவாடாகிக் கிடக்கும். கரப்பான் முட்டைகள் ரெசிஸ்டர் மாதிரியே வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒரு டிவிக்குள் எலி நாலு குட்டி போட்டுக் குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது. அதில் ஒரு குட்டி சீரியல் பார்த்து அழுததாகவும் சொல்வார்கள், அதை நம்ப வேண்டியதில்லை. அடுத்த வேலை தையல் மிஷின் மோட்டார்களின் போர்டுகளைச் சரிபார்ப்பது. அந்தப் பெட்டிகளைத் திறந்தால் எண்ணெயும் பனியன் பஞ்சும் சேர்ந்து யாரோ களி கிண்டி ஆற வைத்தது போலிருக்கும். மருதாள் சுளித்துக்கொண்டே சுரண்டினாள், சுளித்துக்கொண்டே ஈயம் வைத்தாள். அவள் வைத்த ஈயம் விட்டுப்போனதாக ஒரு போர்டும் திரும்பி வந்ததில்லை.

அந்தப் பேர்தான் அவளைச் சாமளாபுரம் பக்கம் மகுடேஸ்வரனிடம் கொண்டுவந்து சேர்த்தது. மகுடேஸ்வரனும் தறிக்காரர்தான். தறிகளை விற்றுவிட்டு, அதே குடோனில் குறுக்கே கண்ணாடி அடைத்து, ஏசி போட்டு, எலக்ட்ரானிக் போர்டு தயாரிக்கும் யூனிட் வைத்துவிட்டார். பனியன் துணி பின்னும் வட்ட மிஷின்களில் நூல் அறுந்ததும் மிஷினை நிறுத்துவதற்கு ஒரு போர்டு உண்டு. அது வேலை செய்யாவிட்டால் மிஷின் பாட்டுக்கு ஓடி ரோல் முழுக்க ஓட்டை போட்டு வைக்கும். அந்த போர்டுதான் இங்கே தயாராகிறது. வாங்குவது கோயமுத்தூரில் ஒரே ஒரு கம்பெனி.

வேலை இப்படிப் போகும். ஓட்டைகள் வெட்டிய எஃகுத் தகட்டை வெறும் போர்டின் மேல் வைத்து, சாம்பல் நிற ஈயப் பசையை இழுத்து அச்சடிக்க வேண்டும். அதைச் செய்கிறவர் வெள்ளகோவில்காரரான ஜெய்புன்னிசா. பிறகு ஒரு மிஷின் கடுகை விடச் சிறிய சாமான்களைப் பசைமேல் உட்கார வைக்கும். ஓவனுக்குள் போய் வெளியே வரும்போது பசை உருகி ஈயமாகிச் சாமான்களைப் பிடித்திருக்கும். ஓவனுக்கு முன்னால் அச்சைப் பார்ப்பதும், பின்னால் லென்ஸ் விளக்கின் கீழ் குறைகளைப் பார்த்துக் கையால் சரிசெய்வதும் மருதாள். ஒன்பது வருஷமாக அந்தக் கடைசி மேஜை அவளுடையது. வேறு யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பிறகுதான் உட்காருவாள்.

யூனிட்டில் அவளுக்கு அருவருப்பாக இல்லாதது எதுவுமில்லை. பசை டப்பாக்கள் வைக்கிற ஃபிரிட்ஜில் மகுடேஸ்வரன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு இருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் அவர் ஓவனுக்குத் திருநீறு பூசுவார். பூசியது போக மிச்சத்தை ஊதிவிடுவார், அது போர்டுகளின் மேல் இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலே துடைக்கிற துணி. தறி ஓட்டிய காலத்துப் பழக்கம் மகுடேஸ்வரனுக்கு: துடைக்காமல் எதுவும் மிஷினுக்குள் போகக் கூடாது. ஒவ்வொரு வெறும் போர்டும் அச்சுக்குப் போகும் முன் ஸ்பிரிட் நனைத்த பனியன் வேஸ்ட்டால் ஒரு துடைப்பு வாங்கும். இந்த ஊரில் கையைத் துடைக்க, காரைத் துடைக்க, மூக்கைத் துடைக்க எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட்தானே. சாக்குக் கணக்கில் வரும், யார் யாரோ போட்டுத் தேய்ந்த பனியன்கள். அக்குள் பக்கம் மஞ்சள் பூத்திருக்கும். ஒருநாள் ஜெய்புன்னிசா உதறிய துணியிலிருந்து பாதி மென்ற பாக்குப் பொட்டலம் விழுந்தது. மருதாள் வெளியே போய் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தாள்.

அதற்கப்புறம் அவள் போட்ட சண்டையில் மகுடேஸ்வரன் சரணடைந்தார். கருவாட்டுக் குழம்பு வெளியேறியது. திருநீறு ஓவனின் கதவோடு நின்றது. துணிக்கு மருதாளே வழி செய்தாள். அவள் தம்பி வெள்ளையன் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறான். வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுகளைக் கேட்டு வாங்கிச் சாக்குச் சாக்காக அனுப்பினான். பால் போல வெள்ளை, பூனைக்குட்டியின் வயிறு போல மெது. மருதாள் முதல் துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அந்த யூனிட்டில் அவள் முகம் சுளிக்காமல் தொட்ட முதல் பொருள் அதுதான்.

இது நடந்தது மாசி மாதம். பங்குனியில் கோளாறு தொடங்கியது.

லென்ஸுக்கு அடியில் பார்த்தால் ஈயம் போர்டின் மேல் பரவாமல் தன்னைச் சுருட்டிக்கொண்டு உருண்டையாக நின்றது. கீழே இருக்கிற செம்புப் பொட்டில் அது ஒட்டவே இல்லை. சின்ன சாமான்கள் ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் தூக்கிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றன. எல்லா போர்டிலும் அப்படியில்லை. பத்துப் பன்னிரண்டு கெட்டதாக வரும், அடுத்த முப்பது ஒழுங்காக வரும், மறுபடி ஒரு கூட்டம் கெட்டதாக வரும். மருதாள் ஒவ்வொன்றையும் சுரண்டி, ஈயம் பிடிக்க வைக்கிற மருந்து தடவி, சூட்டுக்கோலால் ஈயத்தைப் பணிய வைத்தாள். ஆனால் பிடித்தது போல நடித்தவை சில அவள் கண்ணையும் ஏய்த்துவிட்டுக் கோயமுத்தூர் போயின. மிஷினில் ஏறி, அதிர்ந்து, விட்டுப்போயின. இரண்டு அட்டைப்பெட்டி நிறைய திரும்பி வந்தன. கூடவே ஒரு கடிதம்: என்ன காரணம் என்று எழுத்தில் வேண்டும்.

மகுடேஸ்வரன் பசையை மாற்றினார். ஓவன் சூட்டை ஏற்றினார். போர்டுகள் முறுகலான தோசை நிறத்தில் வந்து, எரிந்த நகம் மாதிரி நாறின. சூட்டை இறக்கினார், பசை பாதி வெந்த கேழ்வரகுக் களி போலத் திரிதிரியாக நின்றது. ஓவனுக்கு எலுமிச்சம்பழம் கட்டினார். அதுவும் வெந்தது. அந்தப் புளித்த வாடையில் மூன்று நாள் உட்கார்ந்து வேலை செய்தவள் மருதாள்.

சித்திரை போய் வைகாசி பிறந்த ஒரு செவ்வாய்க்கிழமை, ஸ்டிக்கர் எடுக்கப் பிரிண்டரிடம் போனபோது அதில் ஒரு தாள் கிடந்தது. கோயமுத்தூருக்கு மகுடேஸ்வரன் எழுதிய பதில். காரணம் கண்டறியப்பட்டதாகவும், ஒரு பணியாளரின் கை வியர்வை போர்டுகளில் பட்டதால் ஈயம் பிடிக்கவில்லை என்றும், அவரை அந்த வேலையிலிருந்து நீக்கியாகிவிட்டது என்றும் இருந்தது. பெயர் போடவில்லை. அச்சுக்கும் ஓவனுக்கும் நடுவில் போர்டைக் கையில் எடுத்துப் பார்க்கிறவள் ஒருத்திதான் என்று அந்தக் கம்பெனிக்கும் தெரியும்.

மருதாள் தாளை இருந்த இடத்திலேயே வைத்தாள். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். உள்ளங்கையை மோந்து பார்த்தாள். மறுபடி கழுவினாள். ஊரிலுள்ள அசிங்கத்தையெல்லாம் விரல் நீட்டிக் காட்டிய கை அது. அன்றைக்கு அதைப் பார்க்கவே அவளுக்குக் குமட்டியது.

மறுநாள் காலையில் மகுடேஸ்வரன் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார். அடுத்த வாரம் வியாழக்கிழமை கோயமுத்தூரிலிருந்து ஆள் வருகிறது, அதுவரைக்கும் போர்டில் கை வைக்க வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு என்று அவள் கேட்டதற்கு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, லென்ஸ் மேஜைக்கு வேறு ஆள் சொல்லி வைத்திருப்பதாகவும், பேக்கிங்கும் நல்ல வேலைதானே என்றும் சொன்னார்.

மருதாள் போர்டுகளைப் பைக்குள் போட்டாள். போட்டுக்கொண்டே கெட்டவற்றின் எண்களை ஒரு அட்டைத் துண்டில் குறித்தாள். ஆறு நாளாக அவள் விரல் ஒரு போர்டிலும் படவில்லை. கெட்டது வருவது குறையவும் இல்லை, அதே கூட்டம் கூட்டமான வருகை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அட்டையை மகுடேஸ்வரன் முன்னால் வைத்தாள்.

அவர் பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார்.

"ஒம்பது வருச வேர்வைங்கக்கா. மிஷினுக்குள்ளயே ஏறிப் போச்சாட்ட இருக்குதுங்க."

இதற்கு மருதாள் என்ன பதில் சொன்னாள் என்பதைப் பற்றி யூனிட்டில் நாலு விதமாகச் சொல்கிறார்கள். நாலும் அச்சில் ஏற்றத் தகுந்தவை அல்ல.

புதன்கிழமை மகுடேஸ்வரன் வேண்டுதலுக்காகச் சிவன்மலை போய்விட்டார். மத்தியானம் பேக்கிங் மேஜையில் ஜெய்புன்னிசாவும் மருதாளும் சாப்பிட உட்கார்ந்தார்கள். டப்பா மூடியைத் திறக்கிற வேகத்தில் ஜெய்புன்னிசாவின் முழங்கை தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டது. அவர் எட்டி ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துத் துடைத்தார். தண்ணீர் துணிக்குள் ஏறவில்லை. துணிக்கு முன்னால் நகர்ந்து நகர்ந்து போய் மேஜை விளிம்பிலிருந்து மருதாளின் சேலையில் கொட்டியது.

"என்ன துணி புள்ள இது? குடிக்கவே மாட்டீங்குது. எருமையத் தொட்டிக்கு இழுத்துட்டுப் போறாப்ல தண்ணிய ஓட்டிட்டே போவுது" என்றார் ஜெய்புன்னிசா.

மருதாள் சேலையை உதறுவதற்காகக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. அடியில் பரவாமல், தன்னைச் சுருட்டிக்கொண்டு. இரண்டு மாதமாக லென்ஸுக்கு அடியில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அதே உருண்டை.

சாயப்பட்டறைகளில் துணி முடிந்து வந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். உடனே உறிஞ்சினால் ஒரு வகை, நின்றால் ஒரு வகை. திருப்பூர்ப் பக்கத்துக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த பரிசோதனை. மருதாள் அந்தத் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாளே தவிர, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கவில்லை.

வெள்ளையனுக்குப் போன் போட்டாள். என்ன துணிடா அனுப்புகிறாய் என்று கேட்டாள்.

"அது பொறந்த கொழந்தைக்குப் போடற உருப்படிக்கா. பூவாட்ட இருக்கோணும்னு பார்ட்டி சொல்லீட்டாங்க. சிலிக்கான் ரெண்டு மடங்கு ஏத்தி அடிச்சது. ஏன், மெதுவா இல்லீங்களா?"

மெதுவாகத்தான் இருந்தது. துணியை மெதுவாக்குகிற அந்தச் சிலிக்கான் ஸ்பிரிட்டில் கொஞ்சம் கரைந்து போர்டில் ஏறும், கண்ணுக்குத் தெரியாத தோலாகப் படியும், அதன்மேல் ஈயம் ஒட்டாது. புதுத் துண்டை எடுத்ததும் துடைக்கிற முதல் பத்துப் பன்னிரண்டு போர்டுகளில் அதிகம் படியும். போகப்போகத் துணியில் சரக்குக் குறைந்து போர்டுகள் நல்லதாக வரும். மறுபடி புதுத் துண்டு, மறுபடி ஒரு கூட்டம். அட்டையில் குறித்த எண்களெல்லாம் அவளைப் பார்த்துச் சிரித்தன. கோளாறு உடனே தெரியாமல் போனதற்கும் காரணம் இருந்தது. பழைய சாக்கின் மிச்சம் தீரும் வரை இரண்டு துணியும் கலந்து ஓடியிருந்தன.

நிச்சயப்படுத்திக்கொள்ள நாலு வெறும் போர்டு எடுத்தார்கள். மருதாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். எல்லாம் ஜெய்புன்னிசாவே செய்தார். இரண்டைப் புது வெள்ளைத் துண்டால் துடைத்தார். இரண்டைத் துடைக்காமல் விட்டார். அச்சு, சாமான், ஓவன். துடைத்த இரண்டிலும் ஈயம் உருண்டு நின்றது. துடைக்காதவற்றில் வெண்ணெய் போலப் பரவிப் பிடித்திருந்தது.

ஜெய்புன்னிசா நாலையும் லென்ஸில் பார்த்தார். அப்புறம் வேலையைத் தொடங்கினார். மூன்று சாக்கு வெள்ளைத் துணியையும் கக்கூஸுக்குப் பின்னாலிருந்த அறையில் தள்ளிப் பூட்டினார். தகட்டையும் மேஜையையும் வெறும் ஸ்பிரிட்டும் காகிதமும் வைத்து மூன்று தரம் தேய்த்தார். பிறகு மருதாளின் காதோரம் சொன்னார்: நாளைக்குக் கோயமுத்தூரிலிருந்து வருகிற ஆள் நல்ல போர்டுகளைப் பார்த்துவிட்டுப் போகட்டும், துணிப் பேச்சு வேண்டாம், அந்தத் துணியை யார் கொண்டுவந்தது என்ற கேள்வி வந்தால் வியர்வையை விட மோசம், நாலு நாள் போனால் நான் பேசி உன்னைப் பழைய மேஜைக்கு அனுப்ப வைக்கிறேன்.

அன்று இராத்திரி மருதாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அக்குள் மஞ்சளும் பாக்குச் சாறும் படிந்த அந்தக் கருமம் பிடித்த பழைய பனியன்கள் ஒரு போர்டையும் கெடுக்கவில்லை. துவைத்துத் துவைத்து அவற்றிலிருந்த மருந்தெல்லாம் என்றைக்கோ போயிருக்கும். அவள் கன்னத்தில் வைத்துக்கொண்டதுதான் கெடுத்தது. ஆண்டவன் படைத்ததில் இத்தனை அருவருப்பான நியாயம் வேறு இல்லை என்று அவளுக்குப் பட்டது.

வியாழக்கிழமை கோயமுத்தூர்க் கம்பெனியிலிருந்து தமிழ்மதி வந்தாள். தரம் பார்க்கிற இன்ஜினியர், முப்பது வயது இருக்கலாம். மகுடேஸ்வரன் சென்ட் அடித்துக்கொண்டு வந்திருந்தார். அந்த வாடை ஏசி அறைக்குள் நுழைந்து ஈயப் புகையோடு சேர்ந்து என்னவோ அழுகினாற்போல ஆயிற்று. காலையில் ஓடிய எண்பது போர்டுகளையும் தமிழ்மதி லென்ஸுக்கு அடியில் பார்த்தாள். ஒன்றுகூடக் கெடவில்லை.

மகுடேஸ்வரனின் முகம் தேர் நிலைக்கு வந்தாற்போல மலர்ந்தது. தான் எழுதியது சரியாகப் போயிற்று என்றார். அந்த ஆளை மேஜையிலிருந்து எடுத்ததுதான் தாமதம், நேற்று சிவன்மலையில் ஒரு அர்ச்சனையும் செய்தேன், பாருங்கள், எண்பதுக்கு எண்பது என்றார். ஒன்பது வருஷம் இருந்த ஆளை வெளியே அனுப்ப மனசு வரவில்லை என்றும், மன்னித்துப் பேக்கிங்கில் வைத்திருப்பதாகவும் சொல்லி, கையை மருதாள் இருந்த பக்கம் நீட்டினார்.

தமிழ்மதி திரும்பிப் பார்த்தாள். பார்த்தது முகத்தை அல்ல, கைகளை.

மருதாள் எழுந்தாள். ஜெய்புன்னிசா கண்ணைக் காட்டினார், தலையை ஆட்டினார், இருமிக்கூடப் பார்த்தார். மருதாள் நேராகப் பூட்டிய அறைக்குப் போனாள். சாவி ஜெய்புன்னிசாவின் இடுப்பில் இருந்ததால் கதவை ஒரு உதை விட்டாள். கதவே பெயர்ந்து விழுந்தது என்று சொல்ல ஆசைதான். கொக்கி மட்டும் கழன்றது. ஒரு வெள்ளைத் துண்டோடு திரும்பி வந்து லென்ஸ் மேஜையில் விரித்தாள். செம்பிலிருந்து விரலால் ஒரு சொட்டு விட்டாள். சொட்டு உருண்டையாக நின்றது. பக்கத்தில், நேற்றுத் துடைத்துக் கெட்ட இரண்டு போர்டுகளை வைத்தாள்.

"இந்தத் துணியில சிலிக்கான் இருக்குதுங்க. இதுல தொடச்ச போர்டுல ஈயம் புடிக்காதுங்க. நேத்து மத்தியானத்துல இருந்து இதுல தொடைக்கல, அதனாலதானுங்க எம்பதும் நல்லா வந்துச்சு. என்ற கையில ஒண்ணுமில்லீங்க. ஆனா இந்தக் கருமத்தக் கொண்டாந்தது நாந்தானுங்க. பழைய துணி அசிங்கம்னு சண்ட போட்டுக் கொண்டாந்தேன்."

மகுடேஸ்வரன் வாயைத் திறந்தார். சென்ட் வாடை மட்டும் வந்தது. தமிழ்மதி சொட்டையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலையோ என்னவோ, அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. லென்ஸ் மேஜை நாற்காலியை இழுத்து மருதாள் பக்கம் தள்ளினாள். "நீங்களே உக்காந்து காட்டுங்கக்கா. திரும்பி வந்த ரெண்டு பெட்டியையும் இன்னிக்கே பாத்துரலாம். எது இந்தத் துணியில கெட்டது, எது வேறன்னு உங்க கண்ணுதான் சொல்லோணும்" என்றாள்.

மருதாள் நாற்காலியைப் பார்த்தாள். ஒன்பது நாளாக யார் யாரோ உட்கார்ந்த நாற்காலி. காகிதத்தில் ஸ்பிரிட் தொட்டு ஒருதரம் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

தமிழ்மதி, கை வியர்வை என்று மகுடேஸ்வரன் எழுதியிருந்த பழைய கடிதத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். புதிதாக எழுத ஒரு தாளை எடுத்து, துணி கொண்டுவந்தவர் மருதாள் என்று எழுதிக்கொண்டு, நிமிர்ந்து கேட்டாள்: "அப்ப போர்டத் தொடச்சதும் நீங்கதானுங்களாக்கா?"

மருதாள் ஜெய்புன்னிசாவைப் பார்க்கவில்லை. லென்ஸுக்குள் குனிந்துகொண்டு, "ஆமாங்க, எல்லாம் நாந்தானுங்க" என்றாள்.

அச்சு மேஜையிலிருந்து ஜெய்புன்னிசா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இல்ல கண்ணு, தப்பா எழுதிராத. துணி கொண்டாந்தது மட்டுந்தான் அவ. மூணு மாசமா ஒண்ணு விடாமத் தொடச்சது நானு. தொடைக்காம ஒரு போர்டும் உள்ள உடக்கூடாதுன்னு சொன்னது" என்று நிறுத்தி, தாடையால் மகுடேஸ்வரனைக் காட்டி, "இவிய" என்றார்.